மெயில் பெட்டியில் நூற்றுக்கு நூறு

"யாரு சார் இங்க தளவாய்?"

கம்ப்யூட்டர் அறைக் கதவைப் பிரவீனா தள்ளிய வேகத்தில், உள்ளே இருந்தவன் கையிலிருந்த டீ அவன் சட்டையிலேயே கொட்டிவிட்டது. வெளியே ஒரகடம் தொழிற்பேட்டையே மழையில் மிதக்க, இடி மட்டும் இங்கே வந்து விழுந்தது!

அவன் நிமிர்ந்தான். ஐயோ... அந்தக் கண்! திட்ட வந்தவளுக்கு முதல் வார்த்தையே மறந்துபோனது.

"நான்தாங்க. என்ன ஆச்சு?"

"நூறு பர்சென்ட் முடிச்சிட்டேன், இப்ப மெயிலே போவ மாட்டேங்குது! ரிப்போர்ட் போவாம லாரி கேட்டுலயே நின்னுகினு கீது. இன்னா சிஸ்டம் சார் இது?"

"முடிச்சிட்டீங்களா... எதை?"

"மெயில் பெட்டி மேல புதுசா ஒரு பட்டை வுட்டீங்களே, அதைத்தான்! எழுபது, எண்பதுன்னு ஏறுதேன்னு ரிஜெக்ட் ஆன பீஸையெல்லாம் போட்டோ புடிச்சி அனுப்பினேன். எங்க டிபார்ட்மென்ட்லயே நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

அவ்வளவுதான். தளவாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏங்க, அது டார்கெட் இல்ல... பெட்டியில எவ்வளவு எடம் நெறைஞ்சிட்டுன்னு காட்டுத பட்டை! முழுசா நெறைஞ்சா மெயில் நின்னுரும்."

பிரவீனாவின் முகம் செத்துப்போனது. அவள் என்ன செய்வாள், பாவம்! உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தவள். அங்கே தலைக்கு மேல் தொங்கும் போர்டில் பட்டை நிறைந்தால் கைதட்டல், நிறையாவிட்டால் சூப்பர்வைசரிடம் வசவு. குவாலிட்டி ஆபீஸில் நாற்காலி கிடைத்ததே இப்போதுதான். 'லைன் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா' என்ற முணுமுணுப்பு வேறு. இது வெளியே தெரிந்தால் நாற்காலி போச்சு... மானமும் போச்சு. கண்ணில் குபுக்கென்று நீர் கோத்தது.

அவன் சிரிப்பு பட்டென்று நின்றது. போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றி, ரிப்போர்ட்டை அனுப்பிக் கொடுத்தான். ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் அவள் விருட்டென்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கேன்டீனில் அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாழாய்ப்போன கண் மட்டும் அவனையே தேடும்!

மற்றவர்களும் அவளைப் போலவே பட்டையை நிரப்ப, அந்த வாரமே பாதி பிளான்ட்டுக்கு மெயில் நின்றது. காலை மீட்டிங்கில் மேனேஜர் திருமலை கத்தினார்.

"யாரோட தப்புய்யா இது?"

பிரவீனா முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"என் தப்பு சார்," என்று எழுந்தான் தளவாய். "லைன் போர்டு மாதிரியே பட்டையைப் போட்டுட்டேன். நம்ம ஆளுங்களுக்கு நெறைஞ்சா சந்தோஷம்தானே? முதல்ல வந்து சொன்னது குவாலிட்டி பிரவீனாதான். இனிமே 'மீதி இருக்கும் இடம்'னு தமிழ்லயே காட்டும்."

திருமலை அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன.

சாயங்காலம் அவள் ஊர் வடக்குப்பட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் பக்கத்தில், மழையில் தொப்பலாக நின்றான் அவன்.

"எதுக்கு சார் பழிய உங்க தலைல போட்டுகினீங்க?"

"பழி இல்லங்க, நெசம். ஆனா அன்னைக்குச் சிரிச்சேன் பாருங்க... அதான் பெரிய தப்பு. நீங்க கண் கலங்கினதுல இருந்து எனக்குச் சோறே எறங்கல." முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டான். "உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, பிரவீனா."

ஹாரன் அலறியது. அவள் படியில் ஏறிவிட்டாள். போச்சு என்று அவன் தலை குனிந்தபோது...

"எங்கப்பா எல்லப்பன் ரொம்பக் கறாரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து பேசுவியா?"

"வாரேன்! கண்டிப்பா வாரேன்! ஆனா... நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"புடிக்காமத்தான் வூட்டுக்குக் கூப்புடுறேனா, லூசு!"

பஸ் முழுக்க "ஓ..." என்று கத்தியது. பிரவீனா திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று அவளுக்கே தெரியும்.