நடுவில் மிஞ்சிய புல்

எஞ்சினை நிறுத்திய பிறகும் வீதியின் சத்தம் காதுக்குத் திரும்பி வரவில்லை.

நவரட்ணராஜா கொட்டகை வாசலில் நின்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். காலையிலிருந்து அவரும் இராமையாவும் அந்தப் பழைய தோட்ட ட்ரக்டரோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கும் புல்வெட்டும் தட்டைக் கழற்றி, உட்புறத்தில் பொருக்காய் ஒட்டிக்கிடந்த புல்லைச் சுரண்டி, பிளேட்டுகளைத் தீட்டி, வெடித்துப்போன பெல்ட்டை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி ஓட்டியும் பார்த்தாயிற்று. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு காதிலிருந்து வடிந்ததும் கீழே கம்பளை வீதியின் இரைச்சல் வழக்கம்போல மேட்டில் ஏறி வந்திருக்க வேண்டும். பஸ் இல்லை. லொறி இல்லை. கெலிஓயாச் சந்தியில் எப்போதும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் இல்லை. வாழையிலையில் தூறல் விழுவது மட்டும் கேட்டது. ஈரக்காற்றில் ரப்பர் கருகும் மணம் இருந்தது. புதுப் பெல்ட்தான் உரசுகிறதோ என்று குனிந்து தொட்டு முகர்ந்தார். பெல்ட்டில் ஒரு மணமும் இல்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் அது. கொழும்பில் கலவரம் என்று முதல் நாளே வானொலி பூசி மெழுகிச் சொல்லியிருந்தது. கொழும்பு வேறு, கண்டி வேறு என்று நவரட்ணராஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரசாங்க இயந்திரப் பகுதியில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் யாழ்ப்பாணம் திரும்பாமல் இந்த மேட்டு வீட்டில் தங்கியவர். மனைவி லீலாதேவி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போயிருந்தாள். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன அந்த ட்ரக்டர்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. வளவுத் தோட்ட வேலைக்கு இருந்த இராமையாவுக்கு அவரே இயந்திரம் பழக்கினார். நாற்பது வயது மனிதனைத் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினார். இராமையாவும் அவன் மனைவி பேச்சியம்மாவும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருந்தார்கள்.

சந்திக்குப் போயிருந்த இராமையா மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தான்.

"ஐயா, கண்டியில கடையெல்லாம் எரியுதுங்க. பேராதனைப் பாலம் தாண்டி லொறியில வர்றாங்களாம். தமிழாளுங்க வீடு எதுன்னு கேட்டுக்கிட்டே வர்றாங்க."

"வீட்டைப் பூட்டிப்போட்டு உள்ளுக்குள்ள இருந்தால்?"

"வீட்டோட கொளுத்துறாங்கையா. புல்லுக்குள்ள போயிருங்க. நாங்க சிங்களம் பேசிச் சமாளிச்சுக்குவோம்."

வீட்டின் பின்னால் ஆற்றுப் பக்கமாகச் சரியும் நிலம் முழுவதும் கினியாப் புல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதை வெட்டத்தான் அன்றைக்கு இயந்திரத்தைத் திருத்தினார்கள். நவரட்ணராஜா வெறுங்காலோடு அதற்குள் நுழைந்து, தான் போன தடம் தெரியாதபடி தாள்களைப் பின்னால் நிமிர்த்திவிட்டுக்கொண்டே நடுப்பகுதிவரை போனார். குப்புறப் படுத்தார். புல்லின் ஓரங்கள் கழுத்தையும் கைகளையும் மெல்லிய கோடுகளாக அறுத்தன. மண்ணில் பழைய மழையின் புளித்த மணம். தலைக்கு மேலே வெளிச்சம் பச்சையாக, குளத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல அசைந்தது.

லொறி வந்தது. கண்ணாடிகள் உடைந்தன. அலுமாரியைச் சரித்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அதன் கதவு இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. யாரோ சிரித்தார்கள். கேள்விகள் எழும்பின. இராமையா சிங்களத்தில், ஐயா காலையிலேயே கம்பளைக்குப் போய்விட்டார் என்றான். இன்னொரு தரமும் அதையே சொன்னான். பிறகு பேச்சியம்மா அலறினாள். நீண்ட அலறல். அது நின்ற இடத்தில் இராமையாவின் குரல் மறுபடி வந்தது.

ஆள் புல்லுக்குள்தான் இருக்கிறார் என்றான். கையில் துவக்கு இருக்கிறது, கிட்டப்போனால் சுடுவார் என்றான்.

நவரட்ணராஜாவிடம் துவக்கு இருந்ததே இல்லை. முதல் வார்த்தையில் அவரைக் காட்டிக் கொடுத்தவன், இரண்டாவது வார்த்தையில் அவரைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கிறான் என்பது அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. வேலி வேலை செய்தது. ஒருவனும் புல்லுக்குள் கால் வைக்கவில்லை. கொளுத்திப் பார்த்தார்கள், ஈரப்புல் புகைந்து அணைந்தது. வளவைச் சுற்றிக் காலடிகள் பரவி, ஆற்றுப் பக்கக் கம்பிவேலிவரை போய், நாலு பக்கமும் நின்றன. இருட்டும்வரை இப்படியே போனால் ஆற்றில் இறங்கிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

அப்போதுதான் கொட்டகையில் எஞ்சின் இருமிற்று.

அது யார் கை என்று அவருக்குத் தெரியும். சோக்கைப் பாதி இழுத்து, உடனே விட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுக்கும் கை. அவரே பழக்கிய கை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. புல்லின் ஓரத்துக்கு வந்ததும் பிளேட்டை இணைக்கும் நெம்புகோல் விழுந்தது. தட்டுக்குள் காற்று ஊளையிட்டது. காலையில் தீட்டிய பிளேட்டுகள். முதல் தாள்கள் அறுபட்டபோது எஞ்சின் ஒருகணம் முனகி, பிறகு தாங்கிக்கொண்டது.

வெளிவிளிம்பால் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே உள்ளே வரும் முறையும் அவர் பழக்கியதுதான்.

பெல்ட் வழுக்கும் என்று காத்திருந்தார். பழையது என்றால் வழுக்கியிருக்கும். ஈரப்புல் தட்டின் வாயை அடைக்கும் என்று காத்திருந்தார். காலையில் அதன் உட்புறத்தை இரும்பு மினுங்கும்வரை சுரண்டியது அவரே. அந்த இயந்திரத்தில் அவரால் தீர்க்க முடியாத ஒரேயொரு குறைதான் மிஞ்சியிருந்தது. கனநேரம் பாரத்தில் ஓடினால் எஞ்சினின் சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி, எஞ்சின் செத்துவிடும். ஆறும்வரை எழும்பாது. அதையே நம்பிக் கிடந்தார். எஞ்சினின் மூச்சில் ஒரு தடுக்கல் வந்தது. இன்னொன்று. இருமல். நின்றது.

அவருக்கு அழுகை வந்தது. மண்ணைக் கடித்துக்கொண்டார்.

யாரோ திட்டினார்கள். யாரோ இராமையாவை அறைந்தார்கள். பிறகு இராமையாவின் குரல், மிகத் தாழ்ந்து:

"வத்துர டிகக்."

கொஞ்சம் தண்ணீர் கேட்கிறான். குழாயில் ஈரத்துணி சுற்றினால் ஆறும் முன்பே எழும்பும். அதையும் அவர்தான் காட்டிக் கொடுத்திருந்தார்.

இயந்திரம் நின்ற இடம் அவருக்கு மிகக் கிட்ட இருந்தது. துணி சுற்றுவதற்காகக் குந்திய இராமையாவின் சாரத்து விளிம்பு தாள்களுக்கிடையில் தெரிந்தது. அவன் புல்லைப் பார்க்காமலே தமிழில் முணுமுணுத்தான்.

"ஐயா, பேச்சியம்மா கழுத்துல கத்திய வச்சிருக்கானுங்க."

"பெல்ற்றைக் கழட்டி விடு, இராமையா. கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஒருத்தன் லொறி மெக்கானிக்குங்க. என் கையையே பாத்துக்கிட்டு நிக்கிறான். அடுத்த வாட்டி நின்னா அவள வெட்டிப்புடுவேன்னு சொல்றான்." துணியை இறுக்கினான். "அசையாமப் படுத்திருங்க. என்னால முடிஞ்ச மட்டும் சுத்தி விட்டுட்டுப் போறேன்."

எஞ்சின் மறுபடி பிடித்தது.

இப்போது மற்றவை வரத் தொடங்கின. வெட்டுப்பட்ட பக்கங்களிலிருந்து விரட்டப்பட்ட உயிர்கள் எல்லாம் நடுவுக்கு வந்தன. முதலில் தவளைகள். பிறகு வயல் எலிகள், அவருடைய முதுகின் மேலாக, அவர் ஒரு மரக்கட்டை என்பதுபோல ஓடின. ஒரு முயல் அவருடைய விலாவோடு ஒட்டிக் குந்தியது. அதன் நெஞ்சு அடிப்பது அவருடைய தோலில் தெரிந்தது. நீளமான சாரைப்பாம்பு ஒன்று எலிகளைத் தொடாமல், எலிகளும் அதற்கு விலகாமல், அவருடைய முழங்கையைச் சுற்றிப் படுத்தது. ஒன்றும் ஒன்றையும் கடிக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் காதைத் திருப்பியிருந்தன. அறுபட்ட புல்லின் பச்சை மணமும் பெற்றோல் புகையும் தொண்டையை அடைத்தன. ஏதோ ஒன்று ஓடத் தவறியது. தட்டுக்குள் மெத்தென்று ஒரு சத்தம். அவருடைய முகத்தில் இளஞ்சூடாகத் தூறல் விழுந்தது.

அது மழை இல்லை.

சுற்று சிறுத்தது. சத்தம் இப்போது தூரம் போவதே இல்லை. தலைப்பக்கம். இடப்பக்கம். கால்பக்கம். முன் சக்கரத்தின் சேறு தெரிந்தது. தட்டின் விளிம்பு தெரிந்தது. அதன் கீழே மினுங்கிச் சுழலும் ஒரு வெளிச்சம். இராமையா ஒவ்வொரு சுற்றிலும் சுக்கானை ஒரு சாண் வெளியே இழுத்துப் பிடிப்பதை அவர் கண்டார். மெக்கானிக்கும் கண்டிருக்க வேண்டும். ஒரு அதட்டல். சக்கரம் உள்ளே திரும்பியது.

கால் விரலில் காற்று பட்டது. பிளேட்டின் காற்று.

அவருடைய கை காற்சட்டைப் பைக்குள் போனது. காலையில் பூட்டி முடித்துப் போட்ட ஸ்பானர் கையில் தட்டியது. கனமான இரும்பு. யோசிக்கவில்லை. உருண்டு விலகி, அதைத் தட்டின் கீழே எறிந்தார்.

வெடித்ததுபோல ஒரு சத்தம். உடைந்த பிளேட் தட்டைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேற்றில் குத்தியது. எஞ்சின் ஒரு உதறல் உதறி அடங்கியது.

எஞ்சினின் சூட்டில் தூறல் பொரியும் சத்தம் மட்டும்.

இனி அந்த இயந்திரம் ஓடாது. ஒருவனாலும் ஓட்ட முடியாது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தது தன் வாயா என்று அவருக்கே தெரியவில்லை.

"கலக்," என்றான் இராமையா உரத்து. கல் என்றான். ஒரு கல் அகப்பட்டுவிட்டது என்றான். குரல் உடைந்து உடைந்து வந்தது. "கலக், மாத்தயா, கலக்."

யாரோ நிதானமாக நடந்து வந்தான். தட்டின் கீழே கையை விட்டுத் துழாவினான். இரும்பில் இரும்பு உரசியது. அவன் வெளியே எடுத்ததை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். ஒருவன் மெல்லச் சிரித்தான். பிறகு இன்னொருவன். சிரிப்பு நாலு பக்கமும் பரவியது.

துவக்கு வைத்திருப்பவன் ஸ்பானர் எறிவானா.

நவரட்ணராஜாவுக்கு அது விளங்கிய அதே கணத்தில் முயலுக்கும் விளங்கியதுபோல இருந்தது. அது எழும்பி ஓடியது. பின்னால் எலிகள். பின்னால் பாம்பு. எல்லாம் அந்தக் கடைசித் துண்டுப் புல்லைவிட்டு வெளியே பாய்ந்தன. அவற்றை ஒருவரும் அடிக்கவில்லை. வழி விட்டார்கள்.

அவர் மட்டும்.

தாள்களின் அடியில் கால்கள் தெரிந்தன. சுற்றிவர. சேறு பூசிய வெறுங்கால்கள். ரப்பர்ச் செருப்புகள். ஒருவன் லீலாதேவியின் கூறைச்சேலையை இடுப்பில் கட்டியிருந்தான். அதன் கரை ஈரப்புல்லில் இழுபட்டது. ஒருவனும் அவசரப்படவில்லை. அவருக்கு நேரே ஒரு சோடிச் சப்பாத்து நின்றது. பழுப்பு நிறம். நன்றாகத் துடைத்தது. இடக்காலின் குதி ஓரம் தேய்ந்தது.

அது அவருடைய சப்பாத்து.

அதன் நுனி மெதுவாக உயர்ந்தது. கடைசிப் புல்லை, ஒரு தாளும் முறியாமல், பக்குவமாகச் சரித்துப் படுக்க வைத்தது.