தேசிக்கொப்பு

கலா ஓயாவின் முதல் வளைவில் ரப்பர் படகு திரும்பியபோது, இலைகூட அசையாத அந்தப் பின்னேரத்தில், எதிர்க்கரை மருத மரத்தில் ஒரு கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கௌசிகன் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மருத மரத்தில் தேசிக்கொப்பு, எலுமிச்சைக் கிளை. காம்பில் மஞ்சள் துணிநாடா. காலையில் அவன் தன் வீட்டு முற்றத்துத் தேசியில் முறித்த கொப்பு அது.

காட்டுக்குள் போகிறவர்கள் நுழைகிற இடத்து மரத்தில் ஐயனாருக்கு ஒரு கொப்பு தொங்கவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். உன் இடத்துக்கு வருகிறோம், வரவிடு என்று கேட்பது. கௌசிகனுக்கு அது வெறும் வேடிக்கை. நாட்டில் சண்டை முடிந்து, கற்பிட்டி ஹோட்டல்காரர் காட்டுநடையும் படகுமாக ஒரு நாள் சுற்றுலா தொடங்கியதிலிருந்து, வழிகாட்டியாகப் போகிற அவன் விருந்தாளிகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பைக் கொடுத்துக் கட்டச் சொல்லிப் படம் எடுப்பான். அங்கேயே முறிக்கவிட்டால் முசுறு எறும்பு கடித்துக் கூச்சல் போடுகிறார்கள் என்று வீட்டிலிருந்தே கொண்டுவருவான். படத்தில் நிறம் தெரியட்டும் என்று, நான்கு மாத மகளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் சட்டையைக் கிழித்து நாடா போட்டிருந்தான். படம் முடிந்து அவர்கள் நடக்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் பிடுங்கிப் பற்றைக்குள் வீசிவிடுவான். மரத்தில் துணியைக் கண்டால் காட்டிலாகாக்காரர் கத்துவார்கள்.

படகோட்டி மர்ஸூக் இன்று காலையும் முகத்தைச் சுளித்தார். "நான் கட்டவும் மாட்டன் தம்பி, எங்கட மார்க்கத்துல அது இல்ல. ஆனா கட்டினதக் களட்டவும் மாட்டன்," என்றார். இருபது வருடம் ஆற்றில் கிடந்த மனிசனுக்கு ஒரு பச்சைக் கொப்புக்குப் பயமா என்று கௌசிகன் கேலி பண்ணினான்.

இப்போதும் அவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவனோ விறகு வெட்டுகிறவன் பொறுக்கிக் கட்டியிருக்கிறான், வேலையற்றவன். படகில் இருந்த கொழும்புக் கம்பனி ஆட்கள் ஆறு பேரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. காட்டைப் பார்க்க வந்து கைத்தொலைபேசியைப் பார்க்கிற சனம். ஒருத்தன் ஆற்றுக்குள் பாட்டுப்பெட்டி கொண்டுவந்திருந்தான். இன்னொருத்தன் முதலைகளை ஹோட்டல்தான் கொண்டுவந்து விட்டதா என்று கேட்டிருந்தான். இதுகளுக்குப் பல்லைக் காட்டித்தான் பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டியிருக்கிறது, தூ.

இரண்டாவது வளைவில் கொப்பு இந்தக் கரைக்கு வந்திருந்தது. கல்லில் தண்ணீர் அடிக்கிற இரைச்சலுக்கு நடுவே, சேற்று மணத்தையும் அழுகின இலை மணத்தையும் மீறி, நகத்தால் கிள்ளிய தேசி இலையின் மணம் முகத்தில் அடித்தது. அந்தக் கரையில் வழியே இல்லை. முள்ளும் பிரம்பும் பின்னி, ஒரு நரியும் நுழைய முடியாத காடு. படகை முந்தி அதற்குள்ளால் ஆரும் ஓட முடியாது.

யூஜீனியா என்ற பெண் மட்டும் அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஆள் வைத்துக் கட்டுகிறீர்களா, நல்ல ஏற்பாடு என்று பாராட்டினாள். ஓம் என்று கௌசிகன் சொன்னான். இளிப்பு வரவில்லை. மர்ஸூக் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வளைவில் ஒரு கிளை தண்ணீருக்கு மேலே தாழ்ந்து கிடந்தது. எல்லாரும் குனிந்தார்கள். அவன் குனிவதற்குள் அதில் தொங்கிய கொப்பு அவன் கன்னத்தில் ஈரமாக உரசிப் போனது. நாடாவில் புளித்த பால் மணம். அவன் மகளின் கழுத்து மடிப்பில் வருகிற அதே மணம். வீடு எலுவன்குளத்தில், காட்டோரத்தில். மயூரதியும் பிள்ளையும் தனியே.

"மர்ஸூக் நானா, இது என்ன?"

மர்ஸூக் அவனைப் பார்க்காமல் துடுப்புப் போட்டார். "மத்தவங்கட எடத்துக்குள்ள போறதுக்குத்தானே கொப்பு கட்டுற. இது ஆத்தோட கீழ போகுது. ஒங்கட ஊர்ப் பக்கம்."

அதற்குப் பிறகு வளைவுகளில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. முந்திப் போய்விட்டது.

கங்கைவாடியில் படகு கரை தட்டியதும் விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டுச் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினான். மயூரதி உடனே எடுத்தாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"அறைக்குள்ள இருந்துகொண்டு ஏன் கோல் எடுக்கிறீங்க?"

அவன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"படலையில கொப்பக் கட்டிப்போட்டு, உள்ள வரட்டோ எண்டு கேட்டு, என்ன பகிடி இது? ஓம் எண்டு சொல்லிட்டன்தானே. பிள்ளைய எழுப்பிப்போடாதீங்க."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தான். போகவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். புழுதி ரோட்டில் இரண்டு தரம் சறுக்கினான். ஐயனாரே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினான். தெரிந்துதான் செய்தான், அதுவும் அவனுக்குத் தெரியும்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலிப் படலையில் கொப்பு தொங்கியது. தேசி இல்லை. மருதங்கொப்பு. ஆற்றுத் தண்ணீர் சொட்டியது.

முற்றத்துத் தேசிமரம் மொட்டையாக நின்றது. ஒரு இலை இல்லை.

வாசல் நிலையில் இன்னொரு கொப்பு. சிமெந்துத் தரையில் ஈரத் தடம், அறை வரைக்கும். பாதத் தடம் இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தம். மயூரதி மெல்லப் பாடிக்கொண்டிருந்தாள்.

அறைக் கதவில் மூன்றாவது கொப்பு.

தள்ளினான்.

பிள்ளை தூங்குகிற சேலை ஏணை ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. நான்கு மாதப் பிள்ளையின் பாரத்துக்கு அவன் மார்பு உயரத்தில் நிற்கிற சேலை, இப்போது பாரம் தாங்காமல் தரையைத் தொட்டுத் தொட்டுப் போய்வந்தது. அடியில் சேறும் தண்ணீரும் சொட்டின. கயிற்றில் மஞ்சள் நாடா, ஒன்றல்ல, காலையில் அவன் பிடுங்கி வீசிய ஆறும், அழகாகக் கட்டியிருந்தது. பிள்ளையின் சத்தம் இல்லை.

"தேத்தண்ணி கொண்டுவரட்டோ?" என்று குசினியிலிருந்து மயூரதி கேட்டாள்.

கௌசிகன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"ஓம்," என்றது அவனுடைய குரல், ஏணைக்குள்ளிருந்து.