சுடுபிடியில் ஒட்டிய கோபம்

சினங்காட்டி என்ற கருவி வந்த பிறகு, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்த வீட்டுத் தோசைக்கல்லைத்தான் கேட்டார்கள். இரும்பைப் பிடித்தவர்களின் கோபம் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது என்பது உறுதியாகிவிட்டது. கோபம் மட்டும்தான். பாசம், பயமெல்லாம் இரும்பில் ஏறாது. அதிலும் ஒரே ஒரு கோபம்தான் தங்கும். அதைவிடப் பெரியது ஏறினால் பழையது அழிந்துபோகும். கருவியின் முனையை வைத்தால் அந்தக் கோபம் காட்சியும் குரலுமாகச் சுவரில் ஓடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கதவுப்பிடியைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பயந்துபோய் மண்சட்டிக்கு மாறிய ஒரு குடும்பத்தில் ஒரே வாரத்தில் பதினொரு சட்டி உடைந்தது வேறு கதை.

அந்தக் காலத்தில்தான் வேலூர்ப் பக்கம் ஒரு போர் அருங்காட்சியகத்துக்கு மூன்று நண்பர்கள் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். நண்பர்கள் என்றால், நாற்பது வருடமாக ஒருநாள் விடாமல் சந்தித்துப் பகைத்துக்கொண்டவர்கள்.

வடமுனைப் போரில் எதிரியின் பாலத்தை ஒரே குண்டில் சாய்த்த பீரங்கி அங்கே இருந்தது. அதை இயக்கியவர்கள் இவர்கள்தான். தசரதன் ஹவில்தார், உத்தரவு கொடுத்தவர். முனிரத்தினம் குறி வைத்தவர். ஜெயசீலன் குண்டு தூக்கிப் போட்டவர். சுடுபிடி என்ற இரும்பு நெம்புகோலை இழுத்தது யார் என்பதுதான் வழக்கு. தசரதன் தானென்று சொல்லி ஊர் முகப்பில் வளைவே கட்டிக்கொண்டுவிட்டார். முனிரத்தினத்துக்கு இதயத்தில் மூன்றாவது அடைப்பு. பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பார்க்காமல் சாகப்போவதில்லை என்று டாக்டரிடமே எழுதிக் கொடுத்திருந்தார்.

தகடு தயாராக இருந்தது, பெயருக்கான இடம் மட்டும் காலி. சினங்காட்டி யாரைக் காட்டுகிறதோ அவர் பெயரை அன்றே பொறிப்பதாக ஏற்பாடு.

"கருவி சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் கையுறை போட்டுக்கிட்டு அவங்கவங்க இடத்துல நில்லுங்க. ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார் காப்பாட்சியர் அமலோற்பவம்.

அங்கேதான் தப்பு நடந்தது. பீரங்கிப் படைக்காரனுக்குப் பீரங்கிதான் கொடி. உறை போட்ட கையால் அதைத் தொடமாட்டான். மூன்று பேரும் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பீரங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அவரவர் இடத்துக்குப் போனார்கள். இரண்டு பேருக்கு ஒரே இடம்.

"கையை எட்றா" என்றார் தசரதன், சுடுபிடியைப் பற்றியபடி.

"நீ எட்றா" என்றார் முனிரத்தினம். "அன்னிக்கிப் பள்ளத்துல குந்திக்கினு வாந்தி எடுத்தவன்தானே நீ."

"ஹவில்தார்கிட்ட பேசற பேச்சா இது?"

"ரிட்டயராயி முப்பது வருசமாச்சு. இன்னா ஹவில்தாரு? வளைவு கட்டினா வீரனா?"

இருவர் கைகளும் ஒரே பிடியில் இறுகின. தசரதன் இழுத்தார், முனிரத்தினம் திருப்பி இழுத்தார். ஒரு மூக்குக்கண்ணாடி பறந்தது. ஒருவர் காது மற்றவர் பல்லில் இருந்தது. ஜெயசீலன் குண்டு வைக்கும் இடத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார்.

கருவி சூடாகி மணியடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். பனி இல்லை, பாலம் இல்லை. இரண்டு கிழவர்கள் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போர் போயிடுச்சு. அதைவிடப் பெரிய கோபத்தை ஏத்திட்டீங்க" என்றார் அமலோற்பவம். தகட்டைக் கழற்றி உள்ளே எடுத்துப்போனார்.

திரும்பும் வழியில் முனிரத்தினம் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். காட்பாடி தாண்டியதும் ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார்: "அதுல முன்னாடியும் ஒண்ணும் இருந்திருக்காதுடா."

"ஏன்?"

"நான்தான் இஸ்தேன். சுடுபிடிய யார் இஸ்க்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கிம் பள்ளத்துல உருண்டுக்கினு இருந்தீங்க. எனக்குக் கோபமே வர்ல. பயம்தான். கண்ண மூடிக்கினு இஸ்தேன்."

வேன் நின்றது. நாற்பது வருடத்தில் முதல்முறையாகத் தசரதனும் முனிரத்தினமும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். ஒரே கதவுப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பற்றித் திறந்து, ஜெயசீலனை வெயிலில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அருங்காட்சியகத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று, 'வடமுனைப் போர்' என்ற தலைப்பில் காதுகடியைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

அந்த வேனை அரக்கோணத்துக்காரர் ஒருவர் வாங்கினார். வழக்கம்போலக் கதவுப்பிடியில் சினங்காட்டியை வைத்தார். யாரோ ஒரு கிழவர் "நான்தான் இஸ்தேன், நான்தான் இஸ்தேன்" என்று கத்திக்கொண்டே தார்ச்சாலையில் விழுவது தெரிந்தது. எதை இழுத்தார் என்று வாங்கியவருக்கு விளங்கவில்லை. வண்டி நல்ல வண்டி. பிடியை மட்டும் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்.