முன் சீட்டுக்காரி

ஷோரூமின் கடைசி மூலையில் அந்தச் சாம்பல் நிறக் கார் வெகுநாளாக விலைபோகாமல் நின்றது. பளபளவென்று புதுசு. ஆனாலும் விற்பனையாளர் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

"ஏன் யாரும் வாங்கல?" என்று டீச்சர் கேட்டாள்.

"என்னமோ மேடம், பாக்குறாங்க, போயிடுறாங்க."

அவள் கணவர், மருந்துக்கடைக்காரர், எதையும் காதில் வாங்காமல் ஸ்டியரிங்கை ஆசையாகப் பார்த்து வருடிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் தன்னை அப்படிப் பார்த்த மனிதர். டீச்சருக்கு அப்போதே வயிறு எரிந்தது.

கார் வந்தபின் அவர் கடையிலிருந்து தாமதமாகவே திரும்பினார். அதுவும் சிரித்த முகத்தோடு. காலையில் பள்ளிக்குப் போக அவள் ஏறினால், முன் சீட் பின்னுக்குச் சாய்ந்து கிடக்கும். தலை சாயும் இடத்தில் மட்டும் ஈரம்.

ஒருநாள் விடைத்தாள் கட்டைத் தள்ளிவிட்டு வெடித்தாள். "கடைக்குப் புதுசா வந்திருக்காளே, அவளைத்தானே ஏத்திக்கிட்டு ஊர் சுத்துறீங்க?"

அவர் திருதிருவென விழித்தார். "என்ன பேசுற? தினமும் சாயங்காலம் நீதானே வந்து வண்டியில உக்காந்திருக்க?"

"நானா?"

"வாயே திறக்க மாட்ட. கோவம்போலன்னு நான்தான் பேசிக்கிட்டே வருவேன். வீடு வந்ததும் எனக்கு முன்னாடி இறங்கி உள்ள போயிடுவ."

சாயங்காலங்களில் அவள் வீட்டைவிட்டு நகர்ந்ததே இல்லை.

பயத்தை முந்திக்கொண்டு பொறாமைதான் வந்தது. தன் முகத்தை வைத்துக்கொண்டு, தன் இடத்தில் எவளோ உட்கார்ந்திருக்கிறாள். இவரும் மனம்விட்டு அவளிடம்தான் பேசியிருக்கிறார்.

"நாளைக்கே வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க!"

மறுநாள் அவர் ஷோரூமிலேயே காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. டீச்சருக்கோ மனசு நிறைந்திருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள்.

அவர் தட்டைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "நான் இறங்கும்போது அவ முதல்தடவையா பேசினா."

அவள் கரண்டி நின்றது. "என்ன சொன்னா?"

"வீட்டுக்கு வழி தெரியும்னா."

வாசலில் செருப்பு உரசும் சத்தம்.

"ஏங்க..."

டீச்சரின் குரலேதான். அவளைவிடக் கனிவாக இருந்தது.

"ஏங்க, கதவைத் திறங்களேன்."

டீச்சர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க," என்று கிசுகிசுத்தாள்.

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார், யாரோ அயலாளைப் பார்ப்பதுபோல.

பிறகு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கதவைத் திறக்க எழுந்து போனார்.