நூறு சதவீதம் முடிந்த கிணறு

வெள்ளிக்கிழமை காலை கௌதம்ராஜ் லேப்டாப்பைத் திறந்தபோது, முதல் நாள் தன் கையாலேயே நூறு என்று அடித்துவிட்டுப் போன இடத்தில் தொண்ணூற்றாறு என்று இருந்தது.

அட்டவணையில் நாற்பத்தோராவது வரி. ‘பழைய கிணறு தூர்த்தல்.’ பச்சைக்கோடு வரியின் கடைசிவரை போய் முட்டவேண்டும். நகக்கண் அளவு வெள்ளை விட்டு நின்றிருந்தது. ஏதோ கைதவறிவிட்டது என்று மறுபடி நூறு அடித்துச் சேமித்தார்.

கைதவறுகிற ஆள் இல்லை அவர். சீனியர் மேனேஜர், பிளானிங். விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பதவிதான் பெரிய எழுத்து. பதினெட்டு வருஷத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் பதினொரு கட்டிடங்களைக் குறித்த தேதியில் முடித்தவர். அதாவது, முடிந்ததாக அட்டவணையில் காட்டியவர். இராஜபாளையத்தில் தன் தெருக்காரர்கள் கல்யாணத்துக்கு நாள் குறிக்குமுன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று சொல்லிக்கொள்வார். கேட்டவர் யாரென்று இதுவரை தெரியவில்லை.

அவருடைய வெற்றி ரகசியம் எளியது. சாயங்காலம் முடியப்போகிற வேலைக்கு மத்தியானமே பச்சை அடித்துவிடுவார். முதலாளி சென்னையில் இருந்தபடி மூன்று மணிக்கு அட்டவணையைப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் பேசமாட்டார். அதே அட்டவணை அச்சாகி சைட் போர்டில் ஒட்டப்படும். டிப்பர் டிரைவர் முதல் கம்பி கட்டுகிறவர்வரை எல்லாருக்கும் அந்தப் போர்டுதான் சட்டம். “பச்சைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது” என்று அவர்தான் பழக்கியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் தாண்டி, இராஜபாளையம் சாலையில் எழப்போகிற கல்யாண மண்டபம் அது. அஸ்திவாரக் குழியின் நடுவில் பழைய கிணறு. வியாழக்கிழமை மூன்று பேர் உள்ளே இறங்கிச் சகதி வாரினார்கள். இரண்டே முக்காலுக்கே சகதி வாருகிற வரிக்குப் பச்சை அடித்தார் கௌதம்ராஜ். மூன்றரைக்கு இரண்டு பேர் டீ குடிக்க மேலே ஏறினார்கள். மூன்றாவது ஆள், வ. புதுப்பட்டி ஐயாதுரை, மிச்சச் சகதியையும் வாரிவிட்டு வருகிறேன் என்று கீழேயே நின்றான். டிப்பர் டிரைவர் போர்டைப் பார்த்தான். பச்சை. பின்பக்கமாகவே வண்டியைக் கொண்டுவந்து, பார்க்காமல் கொட்டினான். இடித்த கட்டிடத்துக் கல்லும் செங்கலும், நான்கு லோடு.

கௌதம்ராஜ் அங்கே வந்தபோது கிணற்றோரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. சுற்றிலும் பார்த்தார். செருப்பைக் காலால் தள்ளிவிட்டார். ஐந்தாவது லோடு அதன்மேல் விழுந்தது.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் கேட்டார்கள். “நாலு மணி பஸ்ஸுக்குப் போயிட்டான்” என்றார். மறுநாளே அவர்களை விருதுநகர் சைட்டுக்கு மாற்றினார். ஆள் மாற்றுவது பிளானிங்கின் அதிகாரம்.

சனிக்கிழமை நாற்பத்தோராவது வரியில் எண்பத்தொன்று.

தகரக் கொட்டகை ஆபீஸ் வெயிலில் காய்ந்து இரும்பு வாசனை அடித்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், நாற்காலிக் காலுக்கும் அடியில், இரும்பு விளிம்பு ஒன்று கல்லைச் சுரண்டி எதையோ அள்ளுகிற மாதிரி, நிதானமாக, கூலிக்கு வேலை செய்கிறவனின் அவசரமில்லாத தாளத்தில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சரக். கொஞ்சம் இடைவெளி. சரக். விசிறியை நிறுத்தினார். அது நிற்கவில்லை.

“எட்வின், கீழ எவன்யா மண்ணு வாருறது?”

சைட் இன்ஜினியர் எட்வின் தலையை நீட்டினான். “யாருமில்லியே சார். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. என்ன சார், ரெண்டு கண்ணும் சுட்ட செங்கல்லு மாதிரி செவந்து கெடக்கு, தூங்கலியா?”

அன்று சாயங்காலம் வாசலில் ஒரு பெண் நின்றாள். ஐயாதுரையின் மனைவி மாரிச்செல்வி.

“எங்க வீட்டுக்காரவிய வியாழக்கெழமை வந்தாவ சார். இன்னும் வீடு வரல.”

“பஸ் ஏறிப் போயிட்டானே.”

“அந்த பஸ்ல கண்டக்டரு எங்க சித்தப்பா மவன். அவிய ஏறவே இல்லைங்கான்.”

“அப்ப குடிச்சிட்டு எங்கயாவது கெடப்பான்மா.”

“அவிய குடிக்க மாட்டாவ சார்.”

“இப்ப பழகியிருப்பான். போம்மா, வேலை நேரம்.”

ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். ஐம்பத்திரண்டு. நூறு அடித்தார். அவர் கண்முன்னாலேயே ஐம்பத்தொன்று ஆயிற்று. பச்சைக்கோட்டின் நுனி, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல, ஒரு இழை பின்வாங்கியது. சரியாக அந்த நொடி, மொசைக் தரைக்கு அடியில், சரக்.

சைட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர்.

திங்கட்கிழமை கான்கிரீட். கட்டிடம் முழுவதற்கும் அடிப்பாய் விரித்த மாதிரி ஒரே தளம். கிணறு இருந்த இடமும் அதற்குள் அடக்கம். ஒரு தடவை போட்டுவிட்டால் அப்புறம் எவனும் எதையும் தோண்ட முடியாது. முதலாளி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்த வரியில் மூன்று சதவீதம் இருந்தது. கௌதம்ராஜ் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துப் பூட்டினார்.

பம்ப்பு உறுமத் தொடங்கியதும் மாரிச்செல்வி ஓடிவந்தாள். “செத்த நேரம் நிறுத்துங்க சார்! கெணத்த ஒருக்கா தோண்டிப் பாத்துட்டு, பொறவு எம்புட்டு வேணா போட்டுக்கோங்க!”

பம்ப்பு ஆள் அவர் முகத்தைப் பார்த்தான். எட்வின் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. பின்னாலேயே போலீஸ், முதலாளி, விசிட்டிங் கார்டு எல்லாம் வந்தன.

“அந்தம்மாவ வெளிய அனுப்புங்க. போடு.”

மணி நாலு. ஈரச் சிமெண்டின் வாடை தொண்டையில் படிந்தது. எட்வின் நெருங்கி வந்து மெதுவாகச் சொன்னான்.

“சார், கணக்குப்படி இருபது வண்டி. இது இருபத்தி நாலாவது. சுத்தி எல்லா எடமும் மட்டத்துக்கு வந்துருச்சு. நடுவுல மட்டும் ஏறவே மாட்டேங்கு.”

“கிணறு நூறு சதவீதம் தூர்த்தாச்சு. போர்டப் பாரு.”

“போர்டு கெடக்கட்டும் சார். நீங்க வந்து குழியப் பாருங்க.”

வேலையாட்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். பம்ப்பு தானாக அடங்கியது.

கேமரா அவர் பக்கம் திரும்பியிருந்தது. முதலாளியின் குரல் போனில் கேட்டது: “என்ன கௌதம், முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார். நானே காட்டுறேன்.”

கம்பி வலைமேல் போட்ட பலகையில் நடந்தார். புது பூட்ஸ். பலகை வளைந்தது. அஸ்திவாரக் குழிக்குள் காற்றில்லை. வெயில் இருந்தது, சூடு இல்லை. நடுவில் கான்கிரீட் வட்டமாக உள்வாங்கியிருந்தது. கிணற்றளவு வட்டம்.

சரக்.

காலுக்கு நேர் கீழே.

மேற்பரப்பு நடுங்கியது. பிளந்தது. சாம்பல் குழம்புக்குள்ளிருந்து, கம்பிச் சதுரங்களை விலக்கிக்கொண்டு, இரும்புச் சட்டி ஒன்று மேலே வந்தது. நிறைய உடைந்த செங்கல். சட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள். முழங்கைவரை. சிமெண்ட் வழிந்து சொட்டியது. நகங்கள் இல்லை.

அவ்வளவுதான் தெரிந்தது. கைகள் நின்றன. மேலே நிற்கிறவன் வாங்கிக்கொள்வான் என்று கீழே நிற்கிறவன் காத்திருக்கிற மாதிரி, அலுப்பில்லாமல், உயர்த்திப் பிடித்தபடி.

எட்வின் கூப்பிட்டான். தூரத்தில். அந்தப் பெண் அலறினாள். அதைவிடத் தூரத்தில்.

கௌதம்ராஜுக்குத் திரும்பி ஓடவேண்டும். கால் நகரவில்லை. சட்டியின் விளிம்பு அவர் முழங்காலில் இடித்தது. மெதுவாக. இன்னொரு தடவை.

குனிந்தார். வாங்கினார். கனம் தோளை இழுத்தது.

காலியான கைகள் உள்ளே போயின. இறக்கி வைக்க இடம் தேடித் திரும்புவதற்குள், அடுத்த சட்டி மேலே வந்து, அவருக்காக நின்றது.