பன்னிரண்டாவது கிரிட்டோ

மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் கையடக்க கேம் கருவி ஒன்று, சின்னக் கீறல்கூட இல்லாமல், திரை அணைந்து கிடந்தது. நேர் கீழே, வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையிலிருந்த சந்தில், அபிலாஷ் மல்லாந்து கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து திரும்பிய அவன் தாய் ஞானதீபம்தான் முதலில் பார்த்தார். மகன் மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து, உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார். அதன் பிறகுதான் தலைக்கடியில் சிமெண்டுத் தரை கறுத்திருந்தது கண்ணில் பட்டது.

இன்ஸ்பெக்டர் ஆக்னஸ் வந்து சேர்ந்தபோதும் அந்தச் சொம்பு ஞானதீபத்தின் கையில்தான் இருந்தது.

அபிலாஷுக்கு முப்பத்தொரு வயது. அவன் குடியிருந்த மில்லர்புரத்தில் அவனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். போனில் கேம் ஆடுகிற தமிழ்ப் பிள்ளைகளில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. புதிதாக வரும் வீடியோ கேம்களை ஆடிக்காட்டி, தூத்துக்குடிப் பேச்சிலேயே விமர்சனம் செய்வான். வேகமான ஆட்டத்தில் அவன் கைக்கு நிகரில்லை என்பது ரசிகர்களின் பேச்சு. கடைசியாக அவன் எடுத்துக்கொண்டது கிரிட்டோ. சில்வண்டு ஒன்று நிற்காமல் ஓடி, தாவி, சுவருக்குச் சுவர் எகிறும் விளையாட்டு. அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் வரிசையில் இது பன்னிரண்டாவது. இன்னும் கடைக்கு வரவில்லை. விமர்சகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். ஊரில் இருந்த ஒரே பிரதி நாற்காலியில் கிடந்த அந்தக் கருவிக்குள் இருந்தது.

மாடியைச் சுற்றிப் பார்த்த ஏட்டு செல்லக்கனி சொன்னார்: "கைப்பிடிச் சுவரு முழங்கால் ஒசரந்தான் மேடம். வெளையாட்டு மும்முரத்துல பின்னால நடந்து விழுந்திருப்பான்."

"வெளையாடிக்கிட்டே விழுந்தவன் இத நாற்காலியில வச்சிட்டா விழுந்தான்?"

செல்லக்கனி நாற்காலியைப் பார்த்தார்.

கருவிக்குள் ஒரு பதிவு இருந்தது. கிரிட்டோவின் கடைசி நிலையை யாரோ ஒரு தப்பும் இல்லாமல் ஆடி முடித்த காட்சி. பதிவான நேரம் அன்று மாலை ஐந்தரை. மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல அவரால் முடியவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தலைக்காயத்தோடு, பழைய தழும்புகள் இரண்டு குறிக்கப்பட்டிருந்தன. முழங்காலில் ஒன்று, வலது கைப் பெருவிரலின் அடியில் ஒன்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஞானதீபத்திடம் ஆக்னஸ் பேசினார்.

"அவனுக்கு மனக்கஷ்டம் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"இல்லம்மா. சென்னையில பெரிய கம்பெனியில கூப்பிட்டிருக்காங்கன்னு சந்தோசமாத்தான் திரிஞ்சான். காலையில சர்ச்சுக்குக் கெளம்பும்போதுகூட நான்தான் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். என்னைக்கும் நான்தான் போட்டுவிடுவேன். அந்தச் சட்டையோடதான் கெடந்தான்..."

"ஒத்தப் பிள்ள. செல்லம்," என்று செல்லக்கனி மெதுவாகச் சொன்னார். ஆக்னஸும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவன் எஸ்றா. பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவிலுள்ள சாயர்புரத்துக்காரன். கல்லூரி நாளிலிருந்து அபிலாஷின் நண்பன். வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருபவன். பத்து வருடமாக அந்த வீட்டில் பாதி நாள் சாப்பாடும் அவனுக்கு உண்டு. பேச ஆரம்பித்தால் வார்த்தை திக்கும். அழுது அழுது கண்ணிமை வீங்கியிருந்தது.

"கடைசியா எப்ப பாத்தே?"

"ம... மத்தியானம் மேடம். சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டேன்."

"எங்க?"

"ஊ... ஊருக்கு. மாமா மக நிச்சயதார்த்தம்."

"ஐந்தரைக்கு எங்க இருந்தே?"

"அங்கனதான். பந்தி வெளம்பிக்கிட்டு இருந்தேன்."

உண்மைதான். ஐந்து மணி முதல் சாயர்புரத்தில் அவன் சாம்பார் வாளியோடு நின்றதை ஊரே பார்த்திருந்தது. ஐந்தரைக்கு அபிலாஷ் மாடியில் ஆடிக்கொண்டிருந்தான் என்றால், எஸ்றாமேல் சந்தேகப்பட எதுவுமில்லை. பேசும்போதெல்லாம் அவன் தன் வலது பெருவிரலின் ஓரத்தை மற்ற விரல்களால் தேய்த்துக்கொண்டிருந்தான். அங்கே தோல் தடித்துக் காய்த்திருந்தது. ஆக்னஸ் அதைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கருவியில் அபிலாஷ், எஸ்றா இருவரின் ரேகைகளும் இருந்தன. இருவரும் புழங்குகிற பொருள். அதில் ஒன்றும் தேறவில்லை.

ரேகை எடுத்து முடிந்ததும் ஆக்னஸ் கிரிட்டோவை ஆடிப் பார்த்தார். சுவர் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு ஒரு மனிதன் அதில் மூழ்க முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது. முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடி விழுந்தார். ஓட்டத்தை விடாமல் தாவினால்தான் பள்ளத்தைக் கடக்கலாம். அதற்கு வலது பெருவிரல் நுனியால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, அதே விரலை மடக்கி, கணுவால் பக்கத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். வேறு வழியே இல்லை. சாயங்காலம் முழுக்க முயன்று ஒரே ஒரு பள்ளத்தைத் தாண்டினார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சீருடையின் பட்டனைப் போட முடியவில்லை. பெருவிரல் வலியில் விறைத்துப்போய் மடங்க மறுத்தது. கண்ணாடி முன் நின்றபடி ஆக்னஸ் அந்த விரலையே பார்த்தார். பிறகு ஞானதீபத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்ததும் சைபர் பிரிவுக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம். அதே மொட்டைமாடி. எஸ்றாவை வரச்சொல்லியிருந்தார். செல்லக்கனி படிக்கட்டு வாசலில் நின்றார்.

"எஸ்றா, அபிலாஷ் கிரிட்டோ ஆடும்போது எந்த விரலால தாவுவான்?"

எஸ்றா பெருவிரலைத் தேய்ப்பதைச் சட்டென்று நிறுத்தினான்.

"நான் சொல்லுதேன். அவனால தாவ முடியாது. எட்டு வருசத்துக்கு முன்னால வேன் கதவுல நசுங்குன விரலு. மடங்கவே மடங்காது. சட்டைக்குப் பட்டன் போடக்கூட அம்மா வேணும். அத அந்தம்மா ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொன்னாங்க. பிள்ளமேல உள்ள பாசத்துல செய்யுதாங்கன்னு நான் நெனச்சிட்டேன்."

எஸ்றா தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊருக்கு வந்தது ஒரே ஒரு பிரதி. அதுல ஒருத்தன் கடைசி நிலைய ஆடி முடிச்சிருக்கான். அது அபிலாஷ் இல்ல. உன் பெருவிரலக் காட்டு. வீடியோ வெட்டுறவனுக்கு அந்த எடத்துல ஏன் காய்க்குது? எட்டு வருசமா ஆடுனது நீ. பேசுனது அவன். சரியா?"

"சரி மேடம்."

"கருவியோட கடிகாரத்த முன்னால தள்ளிவச்சு, ஆடிப் பதிவு பண்ணிட்டு, திரும்பவும் சரியான நேரத்துக்கு மாத்திட்டுப் போயிருக்க. மாத்துன தடம் உள்ள இருக்குன்னு சைபர் பிரிவுல சொல்லிட்டாங்க. அவன் விழுந்தது ஐந்தரைக்குப் பெறவு இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாலயே. நீ சாயர்புரத்துக்குப் பஸ் ஏறுததுக்கும் முன்னால."

ஆக்னஸ் சுவரோரம் போய்க் கீழே பார்த்தார். பிறகு கேட்டார்: "கீழ அவன் கெடக்கான். நீ இங்கன உக்காந்து ஒரு தப்புகூட இல்லாம ஆடியிருக்க. எப்படிலே முடிஞ்சுது உன்னால?"

"கை... கை அதுபாட்டுக்கு ஆடிச்சு மேடம்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு யாரும் கேட்காமலே எல்லாம் வந்தது, துண்டு துண்டாக.

அபிலாஷின் போனில் சென்னைக் கம்பெனியின் மெயிலைப் பார்த்திருக்கிறான். 'வந்து சேருங்கள்' என்று இருந்தது. அபிலாஷின் பெயர் மட்டும்தான் இருந்தது. மாடிக்கு வந்து கேட்டான். அபிலாஷ் சிரித்தானாம். "இருலே, நாளைக்குச் சொல்லுதேன்" என்றானாம்.

"சிரிச்சான் மேடம். அதுதான்... அதுதான் எனக்குத் தாங்கல. அவன் போயிட்டா நான் யாரு? எனக்குப் பேச வராது. என் பேரு யாருக்குத் தெரியும்? நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனேன். விழணும்னு தள்ளல. சுவரு அவ்வளவு பக்கத்துல இருக்கும்னு..."

"எட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உசுரு இருந்துச்சா?"

எஸ்றா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "தெ... தெரியல. நான் கீழ எறங்கிப் போகல."

கீழே தெருவில் மீன்காரர் ஒருவர் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார். சத்தம் தேய்ந்து மறையும்வரை ஆக்னஸ் காத்திருந்தார்.

"இந்த விமர்சனத்துக்கு அவன் பேசி வச்சிருந்தானே, கேட்டியா?"

"இல்ல மேடம். படத்த வெட்டுன பெறவுதான் கொரலு சேப்பேன். அவன் விழுந்த பெறவு அந்தக் கொரலக் கேக்க எனக்குத் தைரியம் வரல."

"அவன் லேப்டாப்போட பூட்டு இன்னைக்குக் காலையிலதான் தெறந்துச்சு. நீ கேக்கணும்."

ஆக்னஸ் தன் போனை எடுத்து, பிரதி எடுத்திருந்த பதிவை ஓடவிட்டார்.

"ஏலே மக்கா, அபிலாஷ் பேசுதேன். பன்னிரண்டாவது கிரிட்டோ. வேகம்னா வேகம், கடைசி டிரிப்பு பஸ்ஸு வேம்பார் ரோட்டுல பறக்குமே அந்த வேகம். பாட்டு நல்லாருக்கு. கலர் கண்ணப் பறிக்குது. ஆனா இந்தச் சின்னத் திரையில பள்ளம் இருக்குததே விழுந்த பெறவுதான் தெரியுது. பழைய கிரிட்டோல நின்னு மூச்சு விட எடம் இருக்கும். இதுல இல்ல. அதுதான் எனக்கு வருத்தம். மத்தபடி வாங்கலாம்..."

தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"கடைசியா ஒண்ணு மக்கா. 'அபிலாஷ் அண்ணன் கை'ன்னு எட்டு வருசமா நீங்க கொண்டாடுத கை என்னுது இல்ல. எஸ்றாவோடது. என் விரலு போனப்ப சேனல மூடிருவோம்னேன். 'நீ பேசு, நான் ஆடுதேன்'னு சொன்னது அவன்தான். பேரு வேண்டாம்னுட்டான். அவன் கேக்கலன்னு நானும் சொல்லாமலே இருந்துட்டேன். அது தப்பு. அடுத்த மாசம் சென்னையில ஒரு கம்பெனிக்குப் போறோம். ரெண்டு பேரும்தான். அவன் இல்லாம வரமாட்டேன்னு போன்ல சொல்லிட்டேன், சம்மதிச்சிட்டாங்க. பயலுக்கு இன்னும் தெரியாது. இத வெட்டும்போதுதான் கேப்பான். எஸ்றா, ஏலே, இத மட்டும் வெட்டிராதலே."

பதிவு முடிந்தது.

எஸ்றா அழவில்லை. முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தான். "நா... நாளைக்குச் சொல்லுதேன்னான்," என்றான். "நாளைக்குச் சொல்லுதேன்னுதான் சொன்னான்."

படிக்கட்டு வாசலில் செல்லக்கனிக்குப் பின்னால் ஞானதீபம் நின்றுகொண்டிருந்தார். மாடியில் நடந்த பேச்சும் மகனின் குரலும் கேட்டு ஏறி வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீயாலே?" என்றார்.

எஸ்றா எழுந்து நின்றான். "பெ... பெ..." என்று உதடு துடித்தது. பெரியம்மா என்ற சொல் கடைசிவரை வரவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. செல்லக்கனி அவன் தோளைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார்.

ஞானதீபம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஆக்னஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெளையாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார் ஞானதீபம். "பேசுதான், பேசுதான்னு இருப்பேன். என்ன பேசுதான்னு காது குடுத்ததே இல்ல. இன்னொரு தரம் போடுவீங்களா?"

கீழே ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது. ஆக்னஸ் போனை அவர் கையில் கொடுத்து திரையை விரலால் தொட்டார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை, மாடியில் அபிலாஷ் பேசிக்கொண்டிருந்தான்.