கண்ணாடிக்கு அப்பால் மிக்கேல்

ஞாயிறு பூசை முடிந்ததும் ரோஸ்லின் தன் மாமியார் சேசம்மாளோடு துறைமுகத்துச் சந்திப்புக் கூடத்துக்குப் போனாள். ஆழ்கடல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் கரைக்கு வந்தாலும் அழுத்த அறையை விட்டு வெளியே வர முடியாது. ஒப்பந்தம் முடியும்வரை அவர்கள் உடல் கடலடியின் அழுத்தத்திலேயே இருந்தாக வேண்டும். குடும்பத்தார் தடித்த கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் கணவன் மிக்கேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "அங்க மழை உண்டா?" என்று கேட்டான்.

சேசம்மாள் முகம் கழுவப் போனாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ரோஸ்லின், பையிலிருந்த காராச்சேவை எடுத்துக் கடித்தாள். மிக்கேலின் முகம் துண்டு துண்டாக ஆடியது. மெல்லுவதை நிறுத்தினாள், முகம் சேர்ந்துகொண்டது. மறுபடியும் கடித்தாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டம் அசையவில்லை. அவன் உருவமும் கட்டிலும் மட்டும் நடுங்கின.

வாசலில் நின்ற காவல்காரரிடம் போய், கடிக்கும்போதெல்லாம் அவன் முகம் ஆடுவதைச் சொன்னாள். "என் கண்ணுல ஏதும் கோளாறா, அண்ணாச்சி?"

அவர் அவளைப் பார்க்காமலே பேசினார். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. கடுக்குனு கடிச்சா யாருக்கும் கண்ணு அதிரும். நெசமான பொருள் ஆடாது. விட்டுவிட்டு மினுக்குத ஸ்கிரீன்ல தெரியுததுதான் அப்பிடி ஆடும்."

"அப்ப உள்ள அவிய இல்லியா?"

"கார்த்திகையில கடலுக்கடியில ஒரு அறை உடைஞ்சிட்டு. வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. பழைய படத்த வச்சு மிஷின்தான் பேசுது."

மார்கழியில் அவளுக்குக் கரு கலைந்தது. இந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் அதைச் சொன்னாள். அவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுதான். அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

சேசம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரோஸ்லின் அவள் கையைப் பிடித்தாள்.

"மாமி, மிக்கேல் இல்ல. கார்த்திகையிலயே போயிட்டாவ. இது வெறும் படம்."

சேசம்மாள் கண்ணாடியருகே போனாள். "எய்யா" என்றாள்.

"என்னம்மா?" என்றான் மிக்கேல்.

அவள் நெஞ்சிலிருந்து ஒப்பாரி எழுந்தது. கூடத்தில் வேறு கண்ணாடிகளுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் மாமியாரைத் தோளோடு அணைத்துக்கொண்டு கதறினாள்.

மிக்கேல் எழுந்து வந்து கண்ணாடியருகே நின்றான். அவன் கண்களும் கலங்கியிருந்தன.

"ரெண்டு பேரும் அழாதீங்க. பெருநாளுக்கு வந்திருவேன். அம்மாவப் பாத்துக்க, ரோஸு."

"சரி" என்றாள் ரோஸ்லின், பழக்கத்தில்.